நிறுவிய மென்பொருள்களை இழக்காமல் இயங்குதளத்தைச் சீரமைத்தல்

கணினியின் இயங்குதளக் கோப்புகள் சிதையும்போது வன்தட்டை முழுவதும் அழிக்காமல், கெட்டுப்போன பகுதியை மட்டும் மாற்றி, ஏற்கெனவே நிறுவிய மென்பொருள்களும் அமைப்புகளும் அப்படியே இருக்கும்படி செய்வது இயங்குதளச் சீரமைப்பு எனப்படும். கணினிக் கடைகளில் 'ஃபார்மட் போட்டு ஓ.எஸ். ஏற்றுவது' என்று சொல்லப்படும் முறை இதிலிருந்து வேறுபட்டது. ஃபார்மட் செய்தால் இயங்குதளம் புதிதாகிவிடும். ஆனால் அதில் இருந்த மென்பொருள்கள் அனைத்தையும் மீண்டும் தேடி நிறுவ வேண்டியிருக்கும். இயங்குதளம் சிதைந்த நிலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவைப்படுவதில்லை. எளிய வழியில் தொடங்கி, அது பலிக்காதபோது அடுத்த வழிக்குச் செல்வதே முறையானது.

மென்பொருள்களைத் தனியே நகலெடுக்க முடியாதது ஏன்?

படம், பாடல், ஆவணம் போன்றவற்றை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடலாம். மென்பொருளை அவ்வாறு எடுக்க முடியாது. விண்டோஸில் ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் முதன்மைக் கோப்புகள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குச் செல்கின்றன. அதன் அமைப்புகள், உரிமப் பதிவு, எந்த வகைக் கோப்பை அது திறக்க வேண்டும் என்ற விவரம் ஆகியவை 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. பொதுவான துணைக்கோப்புகள் விண்டோஸ் கோப்புறைக்குள் சேர்கின்றன. எனவே புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை மட்டும் நகலெடுத்து வேறு விண்டோஸில் வைத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் இயங்குவதில்லை.

கணக்கு மென்பொருளின் உரிமம், தட்டச்சு மையத்தில் உள்ள பழைய தமிழ் எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருளும், இ-சேவை மையத்தில் உள்ள கைரேகைக் கருவியின் இயக்கி, பழைய அச்சுப்பொறியின் இயக்கி போன்றவற்றின் நிறுவல் வட்டுகள் பல இடங்களில் தொலைந்துபோயிருக்கும். சிலவற்றைத் தயாரித்த நிறுவனமே இப்போது வழங்குவதில்லை. இத்தகைய கணினியை ஃபார்மட் செய்தால் வேலை பல நாள் நின்றுவிடும்.

இராமநாதபுரம் கடற்கரையின் சூழல்

இயங்குதளம் சிதைவதற்குத் திடீர் மின்தடை ஒரு முக்கியக் காரணம். வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், பாதி எழுதிய கோப்பு அப்படியே நின்றுவிடுகிறது. விண்டோஸ் புதுப்பிப்பு நடக்கும்போது நின்றால் பாதிப்பு இன்னும் அதிகம். 2012-இல் சென்னைக்கு வெளியே உள்ள தமிழக மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டைச் சந்தித்தன. இராமநாதபுரம், மண்டபம், இராமேசுவரம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையும் புயற்காற்றும் வரும் மாதங்களில் மின்தடை இன்றும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

இரண்டாவது காரணம் உப்புக்காற்று. பாம்பன் கடற்பகுதி உலோக அரிப்பு மிகுந்த இடங்களில் ஒன்று. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதற்கும் அரிப்பே காரணம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல்சூழல் அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்துள்ளது. பாலத்தின் இரும்பை அரிக்கும் அதே காற்று கணினிக்குள்ளும் செல்கிறது. நினைவகச் சில்லு செருகப்படும் இடத்திலும், வன்தட்டின் கம்பி இணைப்பிலும் மெல்லிய படலம் படிந்து தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. அப்போது தோன்றும் நீலத்திரையும் தானாக நின்று தொடங்குவதும் விண்டோஸ் கெட்டுப்போனதைப் போலவே தெரியும்.

முதலில் வன்பொருளைச் சோதித்தல்

இதனால் கடலோரப் பகுதிகளில் இயங்குதளத்தைத் தொடுவதற்கு முன் வன்பொருளைச் சோதிப்பது அவசியம். மேசைக் கணினியானால் மின்னிணைப்பைத் துண்டித்து, நினைவகச் சில்லைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்தலாம். வன்தட்டின் இணைப்புக் கம்பியையும் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். பல நேரங்களில் இதுவே போதுமானதாக இருக்கும். விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனைக் கருவியும் பயன்படும்.

வன்தட்டு 'டக் டக்' என ஒலித்தாலோ, கோப்புகளைத் திறக்க மிக நீண்ட நேரம் எடுத்தாலோ வன்தட்டே பழுதாகி வருகிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் சீரமைப்புக் கட்டளைகளை இயக்கக் கூடாது. அவை வன்தட்டை மேலும் உழைக்கவைத்து, எஞ்சியிருப்பதையும் இழக்கச் செய்யும். முதலில் தரவை வேறு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும்.

தரவை நகலெடுத்தல்

மென்பொருள்களை இழக்காத முறைகளிலும் தவறு நேரலாம். எனவே ஆவணங்களின் நகல் ஒன்று வெளியே இருக்க வேண்டும். விண்டோஸ் தொடங்காதபோது லினக்ஸ் இதற்கு உதவும்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் கணினிகளைக் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம். இத்தகைய இரட்டை இயங்குதளக் கணினியில் விண்டோஸ் சிதைந்தாலும், தொடக்கப் பட்டியலில் பாஸ் லினக்ஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே சென்று, விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்ற முடியும். பயன்படாது என்று பலர் அழித்துவிட்ட அந்த இரண்டாவது இயங்குதளம், உண்மையில் ஒரு மீட்புக் கருவியாகவும் இருந்தது.

லினக்ஸ் இல்லாத கணினியில், பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் பதிப்பு ஒன்றால் இதே வேலையைச் செய்யலாம். வட்டு 'பிட்லாக்கர்' கொண்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீடு இல்லாமல் எதையும் படிக்க முடியாது.

சீரமைப்பின் படிநிலைகள்

1. பாதுகாப்பு நிலை: விண்டோஸ் 7 வரை கணினி தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தி 'சேஃப் மோட்' என்னும் நிலைக்குச் செல்லலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தொடக்கம் அடுத்தடுத்துத் தோல்வியடைந்தால் மீட்புத்திரை தானாக வரும். கடைசியாக நிறுவிய இயக்கியோ புதுப்பிப்போ காரணமாக இருந்தால், அதை மட்டும் நீக்கினால் போதும்.

2. தொடக்கச் சீரமைப்பு: மீட்புத்திரையில் உள்ள 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' தொடக்கக் கோப்புகளைச் சரிசெய்யும். மென்பொருள்களைத் தொடாது.

3. சிஸ்டம் ரெஸ்டோர்: 2000-இல் வெளியான விண்டோஸ் எம்.ஈ. பதிப்பில் அறிமுகமான வசதி. முன்பு சேமித்த ஒரு நாளின் நிலைக்கு இயங்குதளக் கோப்புகளையும் பதிவேட்டையும் திருப்பிவிடும். ஆவணங்கள் அப்படியே இருக்கும். அந்த நாளுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் நீங்கும். இவ்வசதி முன்பே இயக்கிவைக்கப்பட்டிருந்தால்தான் பயன்படும்.

4. வட்டுச் சோதனை: 'செக் டிஸ்க்' கட்டளை, மின்தடையால் குழம்பிய கோப்பு அமைப்பைச் சரிசெய்யும்.

5. கோப்புச் சோதனை: 'சிஸ்டம் ஃபைல் செக்கர்' ஒவ்வொரு விண்டோஸ் கோப்பையும் சரிபார்த்து, சிதைந்தவற்றுக்குப் பதிலாக நல்ல நகலை வைக்கும். நல்ல நகல்கள் விண்டோஸுக்குள் உள்ள ஒரு சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. அந்தச் சேமிப்பே சிதைந்திருந்தால் இது பலிக்காது. எனவே விண்டோஸ் 8 முதல் 'டிஸ்ம்' என்னும் கருவியால் முதலில் சேமிப்பைச் சீராக்கி, பிறகு கோப்புச் சோதனையை இயக்க வேண்டும். வரிசை மாறினால் பயன் குறையும்.

மேல்நிறுவல்

மேற்கண்டவை பலிக்காதபோது செய்வது மேல்நிறுவல். இதைக் கணினித் துறையில் 'ரிப்பேர் இன்ஸ்டால்' என்பர். இருக்கும் விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸ் மீண்டும் நிறுவப்படுகிறது. இயங்குதளக் கோப்புகள் அனைத்தும் புதியவையாகின்றன. மென்பொருள்களும் அவற்றின் பதிவேட்டு விவரங்களும் புதிய அமைப்புக்குள் கொண்டுவரப்படுகின்றன.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது நிறுவல் வட்டிலிருந்து கணினியைத் தொடங்கிச் செய்யப்பட்டது. விஸ்டா முதல் முறை மாறியது. இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்துதான் நிறுவல் கோப்பைத் தொடங்க வேண்டும். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி நிறுவினால் மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காது. சேஃப் மோடிலும் இது நடக்காது. ஆகவே முந்தைய படிகளின் நோக்கம் முழுமையான குணம் மட்டுமன்று. எப்படியாவது ஒருமுறை விண்டோஸின் முகப்புத்திரை வரை வரவைப்பதும் அவற்றின் நோக்கமே.

இதற்கான நிபந்தனைகள்:

• நிறுவல் கோப்பு அதே மொழியிலும் அதே வகையிலும் (ஹோம் அல்லது புரோ, 32 பிட் அல்லது 64 பிட்) இருக்க வேண்டும்.
• அதன் பதிப்பு கணினியில் உள்ளதற்குச் சமமானதாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும்.
• சி வட்டில் 20 ஜி.பி. அளவுக்கு இடம் இருப்பது நல்லது.
• மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்திருக்க வேண்டும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும்.
• வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பானை முன்னரே நீக்கிவிட வேண்டும்.

நிறுவலின்போது 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்ற தெரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தெரிவு மங்கலாக இருந்தால் மேற்கண்ட நிபந்தனைகளில் ஒன்று பொருந்தவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இதே வேலையை அமைப்புகள் பகுதியின் மீட்புப் பக்கத்திலிருந்தே இணையம் வழியாகச் செய்யலாம்.

பரவலான ஒரு குழப்பம்

'ரீசெட் திஸ் பிசி' என்ற வசதியில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்றொரு தெரிவு உண்டு. எல்லாம் அப்படியே இருக்கும் என்று நம்பிப் பலர் இதை அழுத்துகின்றனர். இது ஆவணங்களை மட்டுமே காக்கும். பயனர் நிறுவிய மென்பொருள்கள் நீக்கப்படும். நீக்கிய மென்பொருள்களின் பட்டியல் மட்டும் முகப்புத்திரையில் எஞ்சும். மேல்நிறுவலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 'அண்ட் ஆப்ஸ்' என்ற சொற்களில் அடங்கியிருக்கிறது.

2024 உலகளாவிய முடக்கம்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயண அனுமதிச்சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. இதற்கான தீர்வு மிக எளியது. சேஃப் மோடில் சென்று குறிப்பிட்ட ஒரு கோப்பை அழித்தால் போதும். ஃபார்மட் தேவைப்படவில்லை. பூட்டப்பட்ட வட்டுகளின் மீட்புக் குறியீட்டைக் குறித்துவைக்காத இடங்களில் வேலை மேலும் தாமதமானது.

லினக்ஸில் சீரமைப்பு

டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் நின்றால், பாதியில் நின்ற பொதிகளை நிறைவுசெய்யும் கட்டளையும், குறைபட்ட சார்புகளைச் சரிசெய்யும் கட்டளையும் பெரும்பாலும் போதும். பயனரின் கோப்புகளும் தனிப்பட்ட அமைப்புகளும் 'ஹோம்' பகுதியில் தனியே இருக்கும். நிறுவிய பொதிகளின் பட்டியலை ஒரு சிறு உரைக்கோப்பாக எடுத்துவைத்தால், புதிய நிறுவலிலும் அவற்றை ஒரே கட்டளையில் மீட்கலாம்.

ஃபார்மட் தேவைப்படும் நிலைகள்

தீநிரல் ஆழமாகப் புகுந்திருந்தால் மேல்நிறுவல் நம்பத்தக்கதன்று. தீநிரலும் மென்பொருள்களோடு சேர்ந்து தங்கிவிடலாம். வன்தட்டு பழுதானாலும், பதிவேடு மீட்க முடியாதபடி சிதைந்தாலும் புதிய நிறுவலே வழி.

முன்னெச்சரிக்கை

சிஸ்டம் ரெஸ்டோர் வசதியை இயக்கிவைப்பது, உரிம எண்களையும் பிட்லாக்கர் குறியீட்டையும் தாளில் எழுதிவைப்பது, நிறுவல் கோப்புகளை வேறு வட்டில் சேமிப்பது ஆகியவை செலவில்லாதவை. எல்லாம் நன்றாக இயங்கும் ஒரு நாளில் வன்தட்டின் முழு நகலை வெளிவட்டில் எடுத்துவைத்தால், எந்தச் சிதைவிலிருந்தும் மென்பொருள்களோடு திரும்ப முடியும். கடலோரத்தில் கணினியைச் சாளரத்துக்கு அருகே வைக்காதிருப்பதும், பயன்பாட்டில் இல்லாத கணினியை அவ்வப்போது இயக்கி ஈரத்தைப் போக்குவதும் நல்லது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தகுதியுள்ள கணினிகளை மேல்நிறுவல் முறையிலேயே, மென்பொருள்களை இழக்காமல், விண்டோஸ் 11-க்கு மாற்றலாம்.