தள்ளுவண்டிக்கு ஏற்ற சக்கரம் எது?

மும்பை தாராவியில் இட்லி வண்டி போட நினைப்போர் பலகைக்கும் தகரத்துக்கும் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, சக்கரத்தில் சிக்கனம் பார்ப்பதுண்டு. சைக்கிள் சக்கரம் மலிவுதான். ஆனால் ஆபத்தானது.

சைக்கிள் திரும்பும்போது சாய்கிறது. பாரம் கம்பிகளின் வாக்கிலேயே இறங்குகிறது. தள்ளுவண்டி சாயாது. திருப்பத்தில் பாரம் பக்கவாட்டில் தள்ளும். கம்பி அறும், சக்கரம் மடங்கும். மேலே எரியும் அடுப்பும் கொதிக்கும் சாம்பாரும் இருப்பதை மறக்கலாகாது.

பழைய ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் நல்லது. அதில் கம்பி இல்லை, இரும்புத் தட்டு. டயரின் பக்கவாட்டில் பாரக்குறி எண் 51 என்றிருந்தால், உரிய காற்றுடன் 195 கிலோ தாங்கும். இரண்டு சக்கர வண்டியும் சரக்கும் சேர்ந்து 300 கிலோ என்றால், சக்கரத்துக்கு 150 கிலோ. மீதி, சாலைக் குழிகளுக்காக!

பழைய டயர் வாங்குவோர் அதிலுள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பார்க்க வேண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. வெடிப்பு விழுந்த டயர் வேண்டாம். இரு பக்கமும் ஒரே அளவு டயர், ஒரே அளவு காற்று இருக்கட்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஊருக்குப் போகும் மணியார்டர் பணம் அந்த இரண்டு சக்கரங்களின் மேல்தானே உருள்கிறது!