விண்வெளிக்குப் போய் வந்த குளத்து மீன்

எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாளாவது திலாப்பியா ஆணம்தான். கந்தளாயில் மலிவாகக் கிடைக்கும் மீன் அது. "இன்றைக்கும் குளத்து மீனா?" என்று முகம் சுளித்த தங்கையிடம், "இந்த மீன் விண்வெளிக்குப் போய் வந்திருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டேன். அவள் நம்பவில்லை. ஆனால் அது உண்மை.

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவின் குஞ்சுகளை ஜேர்மன் விஞ்ஞானிகள் 1993 இல் கொலம்பியா விண்வெளி ஓடத்திலும், 2007 இல் ரஷ்யாவின் ஃபோட்டோன் செய்மதியிலும் அனுப்பினார்கள்.

மீனை ஏன் அனுப்ப வேண்டும்? நாளை மனிதர் சந்திரனில் மாதக்கணக்கில் தங்கினால், உணவு முழுவதையும் பூமியிலிருந்து சுமந்து செல்ல முடியாது. மீன் நல்ல புரத உணவு. அது குளிர்க்குருதிப் பிராணி என்பதால் உடலைச் சூடாக வைத்திருக்கச் சக்தியைச் செலவிடுவதில்லை. ஆகவே ஆடு, கோழியை விட அதற்குக் குறைந்தளவு ஒட்சிசனே போதும்.

ஆனால் மீன் பயணத்தைத் தாங்குமா? ஒருமுறை வாப்பாவுடன் குளக்கட்டுக்குப் போனபோது, மீன்குஞ்சுகளை லொறியில் கொண்டுவந்து விடுவதைப் பார்த்தேன். பொலித்தீன் பைகளில் கொஞ்சம் தண்ணீர், மீதி ஒட்சிசன். கழிவு சேர்ந்து நீர் நஞ்சாகாதிருக்க, புறப்படுமுன் குஞ்சுகளுக்குத் தீனி கொடுப்பதில்லையாம். லொறிப் பயணத்துக்கே இவ்வளவு ஏற்பாடு என்றால் ரொக்கெட்டுக்கு?

முதல் சோதனை அதிர்வு. பிரான்சின் இஃப்ரெமர் கடலாய்வு நிறுவனத்தில் சிரில் பிரிசிபிலா என்ற ஆய்வாளரின் குழுவினர், பண்ணைகளில் வளர்க்கப்படும் இரண்டு மீனினங்களின் முட்டைகளை ஒரு கருவியில் வைத்து, சோயுஸ் ரொக்கெட் புறப்படும்போது ஏற்படும் அளவுக்குக் குலுக்கினார்கள். நம் கொடுவாவைப் போன்ற ஐரோப்பிய சீபாஸ் முட்டைகளில் 76 சதவீதம் பொரித்தன. குலுக்காதவற்றில் 82 சதவீதம். மற்ற இனத்தில் குலுக்கியவை 95, குலுக்காதவை 92 சதவீதம். வளர்ந்த மீனை விட முட்டையை அனுப்புவது இலகு. அதற்கு இடமும் நீரும் குறைவாகவே போதும்.

இரண்டாவது சோதனை ஈர்ப்பின்மை. மீனின் உட்செவியிலுள்ள சிறு செவிக்கற்களே மேல் எது, கீழ் எது என்பதை அதற்கு உணர்த்துகின்றன. எடையற்ற நிலையில் அந்த உணர்வு குழம்புவதால் சில மீன்கள் வட்டமடித்துச் சுழல்கின்றன. ஒளி வரும் பக்கத்தை மேற்புறமாகக் கொண்டு நேராக நீந்துபவையும் உண்டு. 1994 இல் அனுப்பப்பட்ட நான்கு ஜப்பானிய மெடாக்கா மீன்கள் விண்வெளியிலேயே முட்டையிட்டன, குஞ்சுகளும் பொரித்தன.

மூன்றாவது சோதனை மூச்சு. 2007 இல் சென்ற திலாப்பியாக் குஞ்சுகளுக்கு ஒட்சிசன் கொடுத்தது யூக்கிளினா. நாம் நுணுக்குக்காட்டியில் பார்க்கும் அதே யூக்கிளினாதான்! மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டை அது எடுத்து, ஒளித்தொகுப்பால் ஒட்சிசனைத் திருப்பிக் கொடுத்தது. விஞ்ஞானிகள் ஒரு சிறு தொட்டிக்குள் பாடுபட்டு அமைத்த இந்தச் சுழற்சியை, அல்லாஹ் நம் குளத்தில் இலவசமாகவே அமைத்துத் தந்திருக்கிறான். நாம்தான் அதில் குப்பையைக் கொட்டுகிறோம்.

விண்வெளியில் உண்பதற்கென மீன் வளர்த்து எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை. அந்த வேலை எங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.

உயிரியல் படித்தால் வைத்தியர் ஆவதுதான் ஒரே வழி என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். ருகுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடிக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது என்று நான் சொன்னபோது, உம்மா, "பொம்புளப் புள்ள மீன் படிச்சி என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பதில்தான் இந்தக் கட்டுரை.