படுக்கைக்கு மட்டுந்தானா இன்ஷூரன்ஸ்?

பனையிலிருந்து விழுந்தவனுக்கு ஆபரேஷன் செய்ய இன்று பணம் உண்டு. அவன் மறுபடி எழுந்து நடப்பதற்குப் பணம் இல்லை. கன்னியாகுமரி ஜில்லாவில் பனையேறிகளும், ரப்பர்ப் பால் வடிப்போரும், கடலை நம்பிய வலைஞரும் தங்கள் தேகத்தையே மூலதனமாகக் கொண்டு பிழைப்பவர்கள். அவர்களில் ஒருவருக்குக் கை விழுந்தால் ஒரு குடும்பமே விழுந்ததாகும்.

விதிகளைப் பார்ப்போம். 2018-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும், தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இணைந்து, தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவை ஏற்றன. இது பெரிய உபகாரம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்திட்டங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தவனை உத்தேசித்தே வகுக்கப்பட்டவை. மத்தியத் திட்டத்தின் விதிப்படி, வீடு திரும்பியபின் 15 நாள் வரையுள்ள செலவே சேரும். கைப்பணம் கொடுத்துப் பாலிசி வாங்குவோருக்காக 2020-ல் ஏற்பட்ட ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ 60 நாள் என்கிறது. அதற்குப் பின்?

அதற்குப் பின்னும் பயிற்சி வேண்டும். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பாகம் கெட்டால், மற்றப் பாகங்கள் அவ்வேலையைக் கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால்தான். முதல் மூன்று மாதங்களிலேயே கை கால்கள் வேகமாக மீளுகின்றன. பதினைந்தாம் நாளே பணம் நின்றுவிட்டால், பயனளிக்கும் காலமெல்லாம் வீணாகிறது. அந்தக் கட்டத்தில் இன்ஷூரன்ஸ் கார்டு உள்ளவனும் இல்லாதவனும் ஒன்றே. வர்ம ஆசான்கள் வாழ்ந்த இந்நாட்டில், அடிபட்ட அங்கத்தைச் சும்மா விடலாகாது என்பதை எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை!

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசந்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் பேச்சிப்பாறை மலையடிவாரத்திலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கு, நடக்கமுடியாத ஒருவரைத் தினந்தோறும் யார் அழைத்து வருவது? வண்டிச் சத்தம் ஒரு பக்கம். கூட வருபவரின் கூலி நஷ்டம் மற்றொரு பக்கம். இலவச வைத்தியத்தின் விலை இதுவே.

இதையுணர்ந்தே 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பிஸியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. வழி சரியானது; அளவுதான் போதாது. ஒன்றியத்துக்கு ஒரு பிஸியோதெரபிஸ்ட் என்பது ஏற்பாடு. நமது ஜில்லாவில் ஒன்றியங்கள் 9. 2011 ஜனக்கணிதப்படி மக்களோ 18 லட்சத்துக்கு மேல். ஒருவர் எத்தனை வீடுகளுக்கு, வாரத்தில் எத்தனை நாள் போக முடியும்?

புதிய தத்துவம் எதையும் நாம் கேட்கவில்லை. 1948-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் ஸ்டேட் இன்ஷூரன்ஸ் சட்டம், படுக்கையில் சேராமலே சிகிச்சை பெறும் உரிமையை ஆலைத் தொழிலாளிக்கு அளித்தது. ஆலையில் உள்ளவனுக்கு உரியது பனையில் ஏறுகிறவனுக்கு ஏன் ஆகாது? அதே 5 லட்சம் வரம்புக்குள், டாக்டர் எழுதிக் கொடுக்கும் காலம் வரை பயிற்சிச் செலவையும் சேர்க்கட்டும். ஒன்றியங்களில் ஆட்களைப் பெருக்கட்டும். கிராமத்துத் தேச ஊழியர்கள், வீட்டில் முடங்கிக் கிடப்போரின் கணக்கை எடுத்துக் கிராம சபையில் வைக்கட்டும்.

உயிரைக் காப்பாற்றி ஒருவனைத் திண்ணையில் கிடத்திவிடுவது பாதி வைத்தியமே. அவன் தன் காலில் நின்று தன் கையால் உண்ணும் நாளில்தான் சர்க்காரின் கடமை முடிகிறது.