கடல் நீரில் நுரைக்கும் சோப்பு

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு கடலில் வாழ்பவர்களைச் சுற்றி எங்கும் தண்ணீர்தான். ஆனாலும் துணி துவைப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சாதாரண சோப்பை நுரைக்க விடாமல் பிசுக்காக்கிவிடும். இங்கே கைகொடுப்பது நாம் நன்கறிந்த தேங்காய் எண்ணெய்! அதில் காய்ச்சிய சோப்பு உப்புநீரிலும் நுரைக்கும்.

மூடி போட்ட வாளியில் துணியையும் சோப்புத் தண்ணீரையும் போட்டுக் கட்டிவைத்தால், அலையின் ஆட்டமே பாதி வேலையை முடித்துவிடும். எத்தனை அழகான ஏற்பாடு!

ஆனால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான். துணியில் உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்தது இரவில் நமுத்துப்போகும், தோலையும் உறுத்தும்.

அதனால்தான் மழை வந்தால் படகின் மேல் விரிப்பைக் கட்டி நீர் பிடிக்கிறார்கள். முதலில் விழும் மழை விரிப்பில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதன் பிறகு வரும் நீரைத்தான் சேமிப்பார்கள்.