படகுத்துறையில் பாடிய வால்ட்ஸ்: 'போ அடராவ்'

நியூசிலாந்தின் ஆக்லாந்து துறையிலிருந்து நீராவிக் கப்பல்கள் புறப்பட்ட நாட்களில், மேல்தளத்தில் நின்றவர்களும் கரையில் நின்றவர்களும் வண்ணக் காகித நாடாக்களின் இரு முனைகளைப் பிடித்திருப்பார்கள். கப்பல் நகர, நாடா அறுந்துபோகும். அப்போது பாடப்பட்ட பாட்டு இது.

மெட்டு இந்த மண்ணில் பிறந்ததல்ல. 1913இல் கிளெமென்ட் ஸ்காட் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் அச்சான 'சுவிஸ் தாலாட்டு' என்ற பியானோ இசை அது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்நாட்டின் தொல்குடிகளான மாவோரி மக்கள் அதற்குச் சொல் கொடுத்தார்கள். அதைப் பாடி, போருக்குப் போகும் பிள்ளைகளை வழியனுப்பினார்கள். 'போ அடராவ்' என்றால் நிலவொளி வீசும் இரவு. 1920களில் மேவா கைஹாவ் என்ற மாவோரிப் பாடலாசிரியர் அதை 'ஹாயெரே ரா' வால்ட்ஸ் ஆக்கினார். 'ஹாயெரே ரா' என்பது கிளம்புகிறவரிடம் இருப்பவர் சொல்வது. நம் 'போய் வா'வுக்கு இதைவிட நெருங்கிய சொல் வேறு மொழியில் கிடைப்பது அரிது.

1945இல் நியூசிலாந்து வந்த ஆங்கிலப் பாடகி கிரேசி ஃபீல்ட்ஸ் இதைக் கற்றுச் சென்று, 'நவ் இஸ் தி அவர்' என்று பாடிப் பதிவு செய்தார். 1948இல் பிங் கிராஸ்பியின் குரலில் அமெரிக்காவில் முதலிடம். பிறகு ஜாஸ் கலைஞர்களிடமும் போனது: 1996இல் வெளிவந்த, சார்லி ஹேடனின் 'குவார்டெட் வெஸ்ட்' குழுவின் இசைத்தொகுப்புக்கு இந்தப் பாட்டின் ஆங்கிலப் பெயர்தான். சொற்கள் உதிர்ந்த பின்னும் அந்த மெட்டில் பிரிவு அப்படியே இருக்கிறது.

இங்கே நின்று நீரைப் பாருங்கள். நாடாக்கள் அறுந்து விழுந்தது இந்தத் துறைமுக நீரில்தான்.