கார்ப் பூட்டு மக்கர் செய்கிறதா? வாசலிலேயே சரி செய்யலாம்!

ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். அரை நாள் உழைப்புப் போதும்

மும்பை விமான நிலையம். அதிகாலை 5 மணி.

வாசலில் வந்து நின்ற வாடகைக் காரின் பின்சீட்டில் இருந்த பயணி, இறங்குவதற்காகக் கைப்பிடியை இழுத்தார். கதவு திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். அப்போதும் திறக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஆரன் அடித்தன. காவலர் விசில் ஊதினார். டிரைவர் இறங்கி ஓடி வந்தார். வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். பயன் இல்லை. கடைசியில் மறுபக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, பூட்டுக் குமிழைக் கையால் பிடித்து இழுத்த பிறகுதான் கதவு திறந்தது. பயணி முணுமுணுத்துக் கொண்டே போனார்.

அந்த டிரைவர் நெல்லைச் சீமைக்காரர். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறார். கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும்.

அவர் வண்டியை ஒர்க்ஷாப்பில் காட்டினார். "பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும். இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்" என்றார்கள். தொகையைக் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றியது. தொகையாவது போகட்டும், இரண்டு நாள் வண்டி ஓடாவிட்டால் தவணைக்கு எங்கே போவது?

அதே சந்தில் மிக்சி, மின்விசிறி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவரும் நெல்லைப் பக்கம்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"அண்ணாச்சி, தினம் பத்து மோட்டாரைக் கழத்துதேன். இது அதுல கால்வாசி கூட இருக்காது. ஞாயித்துக்கிழமை வண்டிய வாசல்ல நிறுத்துங்க, பாத்துருவோம்" என்றார்.

பார்த்தார்கள். பழுது எங்கே இருந்தது, எப்படிச் சரியாயிற்று என்பதைச் சொந்தக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்வது நல்லது.

பூட்டுக்குள் ஒரு மோட்டார்

மும்பைத் தெருக்களில் ஓடிய கறுப்பு-மஞ்சள் பிரிமியர் பத்மினி டாக்சியை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைசிப் பத்மினி டாக்சி, தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29-ந் தேதி பதிவாயிற்று. 20 ஆண்டு வயது வரம்பு முடிந்ததும், 2023 அக்டோபருடன் அந்த டாக்சிகள் விடை பெற்றன. பத்மினியின் கதவுப் பூட்டில் மோட்டார் கிடையாது. சாவி, கம்பி, ஸ்பிரிங் - அவ்வளவுதான்!

இன்றைய காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக் கொள்கின்றன. இதற்காக ஒவ்வொரு கதவுக்குள்ளும் சிறிய பெட்டி ஒன்று இருக்கிறது. ஆக்சுவேட்டர் என்பது அதன் பெயர். ஒர்க்ஷாப் பாஷையில் 'லாக் மோட்டார்'.

பெட்டிக்குள் கட்டை விரல் அளவில் ஒரு மோட்டார். அதன் தண்டில் ஒரு சிறு பல்சக்கரம். அது சுழன்று இன்னொரு பிளாஸ்டிக் சக்கரத்தைத் தள்ளும். அந்தச் சக்கரம் பூட்டின் நெம்புகோலை நகர்த்தும். மோட்டாருக்கு இரண்டு ஒயர்கள். 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும். திசையை மாற்றினால் திறக்கும். மின்சாரம் பாயும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு.

இவ்வளவு சிறிய சாமானில் ஏதாவது ஒன்று கெட்டால் முழுப் பூட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். கெட்டது எது என்று கண்டுபிடித்து விட்டால் செலவு சில நூறு ரூபாயில் முடிந்து விடும்.

முதலில் காது கொடுங்கள்

திருப்புளியை எடுக்கும் முன் ஒரு சின்ன சோதனை. கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால் சைல்டு லாக்கைப் பாருங்கள். பின்கதவின் ஓரத்தில் சிறு நெம்புகோலாக இருக்கும். அது தவறுதலாக விழுந்திருக்கலாம். வாடகைக் கார்களின் பின்கதவுகளில் சைல்டு லாக் கூடாது என்று 2019 ஜூலை 1 முதல் விதியே இருக்கிறது.

அடுத்து, வண்டியில் ஒருவரை உட்கார வைத்துப் பூட்டும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் கதவில் காதை வையுங்கள்.

நான்கு கதவும் அசையவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். நான்கும் ஒரே நாளில் கெடாது. பியூஸ், ரிலே, அல்லது டிரைவர் கதவில் உள்ள சுவிட்ச்தான் காரணமாக இருக்கும்.

ஒரு கதவில் மட்டும் சத்தமே இல்லை என்றால் ஒயர் ஒடிந்திருக்கலாம். அல்லது மோட்டார் செத்திருக்கலாம்.

மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, குமிழ் மட்டும் அசையவில்லை என்றால் பிளாஸ்டிக் சக்கரத்தில் விரிசல்.

'டொக்' என்று மெல்லிய சத்தம் கேட்டு, குமிழ் பாதியில் நின்று விட்டால் இரண்டு காரணங்கள். மோட்டார் பலம் இழந்திருக்கலாம். அல்லது பூட்டில் உள்ள பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து களிம்பாக இறுகி இருக்கலாம். குமிழைக் கையால் அசைத்துப் பாருங்கள். மற்றக் கதவுகளைவிடக் கடினமாக இருந்தால் முதலில் பூட்டைச் சுத்தம் செய்து வெள்ளைக் கிரீஸ் போடுங்கள். பல நேரம் நோய் அதிலேயே தீர்ந்து விடும். தேங்காய் எண்ணெய், பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அவை தூசியை இழுத்து வைத்துக் கொள்ளும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கதவுக்கும் வண்டிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒயர்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒயர்கள் வளைந்து நிமிரும். ஒரு நாளில் எத்தனையோ முறை கதவு திறக்கும் வாடகைக் காரில், உள்ளே உள்ள செம்புக் கம்பி ஒடிந்து போவது சகஜம். மேலுறை அப்படியே இருப்பதால் வெளிப் பார்வைக்குத் தெரியாது. ஆனால் பழி விழுவது மோட்டார் மேல்!

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவை இல்லை. மோட்டாருக்கு வரும் இரண்டு ஒயர்களின் முனையில் 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றை இணைத்து, பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பூட்டும்போது ஒரு முறை, திறக்கும்போது ஒரு முறை பல்பு மின்னினால் ஒயரில் குறை இல்லை. மின்னாவிட்டால் ரப்பர் குழாயைப் பிரித்துப் பாருங்கள். மின்சாரம் கண நேரமே வருவதால் மலிவான மல்டிமீட்டர் சில சமயம் அதைக் காட்டாமல் விட்டு விடும். பல்பு பொய் சொல்லாது.

ஒடிந்த இடத்தில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மாதம் கூடத் தாங்காது. வளையக் கூடிய புது ஒயர்த் துண்டை இடையில் வைத்து, சால்டரிங் செய்து, உறை மாட்டுங்கள். ஒட்டுப் போட்ட இடம் குழாய்க்கு வெளியே, கதவு மடங்காத பகுதியில் இருக்க வேண்டும்.

கழற்றும் முறை

கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றி விடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். கதவுக்குள் ஏர்பேக் சென்சார் உள்ள வண்டியாக இருந்தாலும், வாரண்டி முடியாத வண்டியாக இருந்தாலும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

கைப்பிடிக்குப் பின்னாலும், கை வைக்கும் பகுதியின் குழியிலும் ஸ்குரூக்கள் மறைந்திருக்கும். அவற்றை எடுத்த பின் கதவின் உள்பக்க அட்டையை, அதாவது டோர் பேடை, ஓரத்தில் பிடித்து ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்ற வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் கிளிப் உடையும்.

அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இதைக் கிழித்து எறிபவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் காப்பது அந்தத் தாள்தான். மெதுவாகப் பிரித்து வைத்து, கடைசியில் அதே இடத்தில் ஒட்டுங்கள்.

கம்பிகள், ஒயர்கள் எப்படி மாட்டியிருக்கின்றன என்று செல்போனில் நாலைந்து படம் எடுத்துக் கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படங்கள்தான் வாத்தியார். பூட்டு, கதவின் ஓரத்தில் பெரும்பாலும் மூன்று ஸ்குரூவில் நிற்கும். அளவான பிட் போட்டு, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். தலை தேய்ந்தால் தலைவலி! தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கையுறை அவசியம்.

தாராவியில் நடந்தது என்ன?

நெல்லை டிரைவரின் காரில் பல்பு சரியாக மின்னியது. ஒயர் நல்ல ஒயர். மோட்டார் பெட்டியை வெளியே எடுத்தார்கள். இடையில் 10 ஆம்பியர் பியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக ஒரு வினாடி மின்சாரம் கொடுத்தார்கள். லேசாக அசைந்து நின்று விட்டது. ஒயரை மாற்றிப் பிடித்தார்கள். அப்போதும் அதே கதை. நோய் மோட்டாரில்!

இத்தகைய மோட்டார்கள் பலவற்றின் பின்மூடிக்குள் ஒரு சிறு வில்லை இருக்கும். மோட்டார் சூடேறினால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அதைக் காப்பாற்றுவது அதன் வேலை. வயதாக ஆக, வில்லை குளிர்ந்திருக்கும்போதே மின்சாரத்தைத் தடுக்கத் தொடங்கி விடும். வில்லையை எடுத்து விட்டு நேராக ஒயர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ரிலே ஒட்டிக் கொண்டால் மோட்டார் கருகிப் போகும். கார்பனைச் சுத்தம் செய்து ஓட்டுவதும் தற்காலிக நிவாரணமே. சிறு மோட்டாரை மட்டும் மாற்றுவதே நல்ல வழி.

பழைய மோட்டாரைக் கையில் எடுத்துக் கொண்டு லாமிங்டன் சாலைக்குப் போனார்கள். உடல் அளவு, தண்டின் நீளம், தண்டின் கனம் மூன்றும் ஒத்துப் போகும் மோட்டாரை வாங்கினார்கள். பழைய தண்டிலிருந்து பல்சக்கரத்தை மெல்ல நெம்பி எடுத்துப் புதியதில் மாட்டினார்கள். தண்டின் பின்முனைக்கு முட்டுக் கொடுத்துத்தான் சக்கரத்தை அழுத்த வேண்டும். மோட்டார் உடம்பில் சுத்தியலால் தட்டினால் புது மோட்டாரும் பாழ்!

சில வண்டிகளில் பெட்டி ஸ்குரூ இல்லாமல் ஒட்டியே வரும். அதை இணைப்புக் கோட்டிலேயே ரம்பத் தகட்டால் மெதுவாக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் அரால்டைட் போட்டு ஒட்டலாம். பிளாஸ்டிக் சக்கரமே உடைந்திருந்தால் பசை போட்டு ஏமாறாதீர்கள். குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் பூட்டைத் தேடலாம். அல்லது எல்லா வண்டிக்கும் பொருந்தும் பொது லாக் மோட்டாரை வாங்கி, பூட்டுக் கம்பியோடு இணைக்கலாம். மற்றக் கதவுகளுக்கு இரண்டு ஒயர் மோட்டார் போதும். டிரைவர் கதவுக்குப் பெரும்பாலும் ஐந்து ஒயர் மோட்டார் தேவைப்படும். மற்றக் கதவுகளுக்குக் கட்டளை போவது அங்கிருந்துதான். இறக்கும் கண்ணாடி மோட்டாரில் இடிக்காதபடி இடம் பார்த்துப் பொருத்துங்கள்.

கதவை மூடாதீர்கள்!

எல்லாம் மாட்டியாயிற்று. பேட்டரி ஒயரையும் இணைத்தாயிற்று. உடனே கதவை மூடிப் பார்க்க ஆசை வரும். அங்கேதான் பலர் மாட்டிக் கொள்கிறார்கள்.

கதவு திறந்திருக்கும்போதே, பூட்டின் கொக்கியைத் திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். பொத்தானை அழுத்திப் பூட்டுங்கள். கைப்பிடியை இழுங்கள், கொக்கி விடக் கூடாது. பிறகு திறக்கும் பொத்தானை அழுத்தி, உள்கைப்பிடி, வெளிக்கைப்பிடி இரண்டையும் இழுத்துப் பாருங்கள். கொக்கி உடனே விட வேண்டும். பத்து முறை இப்படிச் செய்த பிறகே கதவை மூட வேண்டும். எதிர்த் திசையில் வேலை செய்தால் மோட்டாரின் இரு ஒயர்களையும் மாற்றி இணைத்தால் போதும்.

குமிழைக் கையால் இழுத்தாவது கதவு திறக்கும் காலத்திலேயே பழுது பார்த்து விடுவது புத்திசாலித்தனம். மூடிய நிலையில் பூட்டு இறுகி விட்டால், மூடிய கதவின் அட்டையை உள்ளேயிருந்து கழற்ற வேண்டும். அது தேர்ந்த மெக்கானிக்குக்கே வேர்வை வரவழைக்கும் வேலை.

மறக்க முடியாத ஜூலை 26

இதெல்லாம் வெறும் காசு விஷயம் என்று நினைத்து விடக் கூடாது. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. சாலையில் நின்று போன கார்களுக்குள் கதவைத் திறக்க முடியாமல் சிக்கி உயிர் இழந்தவர்களும் உண்டு.

வெள்ளத்தில் வண்டி சிக்கினால், தண்ணீர் கதவளவு ஏறும் வரை காத்திருக்காதீர்கள். உடனே பூட்டைத் திறந்து, கண்ணாடியை இறக்கி, வெளியேறி விடுங்கள். கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான இரும்பால் அடியுங்கள். முன்கண்ணாடி இரட்டை அடுக்கு. அதை உடைப்பது கடினம். மழைக்கு முன்பே, கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திச் சேற்றை எடுத்து விடுங்கள். கதவுக்குள் தண்ணீர் தேங்கினால் புது மோட்டாரும் துருப்பிடிக்கும்.

நெல்லை டிரைவர் அன்று மாலையே சவாரிக்குக் கிளம்பினார். மறுநாள் அதிகாலை, அதே விமான நிலையத்தில் ஒரு பயணி தானே கதவைத் திறந்து இறங்கிப் போனார்.

"மிக்சிக்காரத் தம்பிக்குக் கூலி குடுத்தா வாங்க மாட்டேங்கான். அவன் ஊருக்குப் போறப்ப ரெயில்வே ஸ்டேசன் வரைக்கும் என் வண்டிதான்" என்கிறார் அவர்.

மழைக்காலம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, ஒவ்வொரு கதவையும் உள்ளேயிருந்து திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கதவு தயங்கினாலும் அன்றே திருப்புளியைக் கையில் எடுங்கள்!