பாட்டுக்காரி பரவை முனியம்மா

மும்பையிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஊருக்குப் போகிறவர்களுக்குப் பரவை புதிய ஊர் அல்ல. திண்டுக்கல்லைத் தாண்டி, மதுரையில் இறங்க வேண்டியவர்கள் மூட்டை முடிச்சுகளைக் கதவருகே நகர்த்தத் தொடங்கும் நேரத்தில் வண்டி அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன அந்த ஊரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட நாட்டுப்புறப் பாடகி முனியம்மா, 2020 மார்ச் 29-ஆம் தேதி காலமானார். எண்பது வயதைத் தாண்டியிருந்தார். சில காலமாகவே உடல்நலம் குன்றியிருந்தது.

அவர் கண்மூடிய வேளை பொல்லாத வேளை. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி அன்று ஐந்தாம் நாள். மார்ச் 22 முதலே பயணிகள் ரயில் ஓடவில்லை. மும்பையின் லோக்கல் வண்டிகளும் நின்றுவிட்டன. சாவு வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு உத்தரவு. சாதாரண நாளாக இருந்தால் மதுரை வட்டாரமே திரண்டிருக்கும். தாராவியிலும் செம்பூரிலும் கோலிக்குள் அடைபட்டுக் கிடந்த நம்மவர்களுக்குச் செய்தி செல்போனில்தான் வந்தது.

முனியம்மா என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2003 பொங்கலுக்கு வந்த ‘தூள்’ படம். ஊர்த் தண்ணீரை ஒரு ரசாயனத் தொழிற்சாலை பாழாக்குகிறது. அதைத் தடுக்கச் சொல்லி மந்திரியைப் பார்க்க விக்ரமும் ஜோதிகாவும் பட்டணம் புறப்படுகிறார்கள். கூடவே வரும் கிழவிதான் முனியம்மா. அந்த மந்திரியாக நடித்தவர் நம் மராட்டியத்துச் சாயாஜி ஷிண்டே. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாத பட்டணத்தில் நிற்பது என்னவென்று இங்கே பலருக்குத் தெரியும்; படம் மனசில் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விக்ரம் சண்டை போட, முனியம்மா கணீரென்று பாடிய அந்த ஒரே பாட்டில் அவர் பெயர் உலகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டது. வித்யாசாகர் இசையில், டைரக்டர் தரணி கொடுத்த வாய்ப்பு அது.

ஆனால் அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. சினிமா அவரைக் கண்டுபிடித்தது என்று எழுதுவது சரியல்ல. மதுரைச் சீமைத் திருவிழா மேடைகள் அவரை அதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துவிட்டன.

மாட்டுங்காவில் சண்முகானந்தா சபை கச்சேரிக்குப் போகிறவர்கள் பாடகர் எந்த குருவிடம் பயின்றார் என்று கேட்பார்கள். முனியம்மா போன்றவர்களின் பாடசாலை வயல். நாற்று நடும்போது ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு எந்த வேகமோ, கையும் அந்த வேகம். முதுகு வலி தெரியாமல் வயலின் மறுவரப்புக்குப் போய்விடலாம். கும்மிக்கு ஒரு நடை, தாலாட்டுக்கு ஒரு நடை, தெம்மாங்குக்கு வேறொரு நடை. ஒப்பாரிதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. செத்தவரின் பெயர், உறவு, குணம், விட்டுப்போன குறை எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோத்தாக வேண்டும். ஏட்டைப் பார்த்துப் பாடக்கூடிய சமாச்சாரமா அது?

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. டெலிவிஷனில் கிராமத்துச் சமையல் செய்து காட்டினார். 2010-இல் ‘தமிழ்ப் படம்’ என்ற நையாண்டிப் படத்தில் நாயகனுக்குப் பாட்டியாக வந்து சிரிக்க வைத்தார். இருந்தும் 2015-இல் நோயும் வறுமையும் சேர்ந்து அவரைச் சாய்த்தபோது, முதல்வர் ஜெயலலிதா அவர் பெயரில் 6 லட்சம் ரூபாயை வைப்புத் தொகையாகப் போட்டு, மாதாமாதம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். கலைமாமணி விருதும் கிடைத்தது. விருதுப் பட்டயத்தைவிட அந்த மாத வட்டிதான் கஞ்சிக்கு உதவியிருக்கும்.

நாட்டுப்பாடல்களை எழுதி வைக்க ஆளில்லாமல் போகவில்லை. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை அந்தக் காலத்திலேயே தேடித் தொகுத்து அச்சில் ஏற்றினார். மதுரை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் வார்த்தையை அச்சில் ஏற்றலாம்; குரலை ஏற்ற முடியாது. ‘ஆண்பாவம்’ படத்தில் பாடிய சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயியும் 2025 ஜூனில் போய்ச் சேர்ந்தார்.

முனியம்மா மறைந்த மூன்றாம் நாள், ஏப்ரல் 1-ஆம் தேதி, தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அடுத்து வந்த வாரங்களில் அங்கே நோயால் இறந்தவர்களின் உடல் வீட்டு வாசலுக்குக்கூட வரவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் சாவு வீட்டில் ஒப்பாரியை விடாத குடும்பங்களில்கூட, அந்த வருஷம் மாரடித்து அழ வழியில்லாமல் போயிற்று.

பொங்கலன்று 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை ஏறும்போது இப்போது ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுத்தான் அதிகம். பானைக்குப் பக்கத்தில் அமர்ந்து அடுப்பைத் தள்ளிவிடும் ஆச்சிமார்களில் சிலருக்கு, நாற்று நட்ட காலத்துப் பாட்டு நாலைந்தாவது நினைவிருக்கும். கேட்டால் முதலில் வெட்கப்படுவார்கள். “எல்லாம் மறந்து போச்சு ஐயா” என்பார்கள். பேரப்பிள்ளைகள் செல்போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் முதல் அடி வந்துவிடும்.